தகிய்யாவின் முள்ளங்கிப் பாத்தியில் உட்கார்ந்த வீடு

இதை நம்பாதவர்கள் ஸனாவுக்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்; ஆனால் போனால் முதலில், காபிக்கொட்டையின் தோலில் இஞ்சி தட்டிப்போட்டுக் காய்ச்சிய கிஷ்ரை ஒரு கோப்பை குடிக்கவேண்டும், பிறகு உங்கள் நலம், உங்கள் பிள்ளைகளின் நலம், உங்கள் ஊர் மழையின் நலம் எல்லாவற்றையும் அவர்கள் விசாரித்து முடிக்கும்வரை பொறுத்திருக்கவேண்டும், அதற்குள் கேட்கப் போனது உங்களுக்கே மறந்துவிடும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

விமானங்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போகத் தொடங்கியிருந்த வருஷம் அது. மதில் சூழ்ந்த அந்தப் பழைய தலைநகரத்தில், வானத்தைப் பார்த்துக் கட்டிய ஒல்லி ஒல்லியான மண்ணிற வீடுகளின் உச்சி அறைகளில், ஆண்கள் லேசாகப் போதை தரும் காத் இலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு யார் அனுப்பிய விமானம், எதற்கு அனுப்பினார்கள் என்று தினமும் அலசினார்கள், அலசி முடிப்பதற்குள் அடுத்தது வந்தது, எல்லோரும் இலையைத் துப்பாமலேயே கீழ்த்தளத்துக்கு ஓடினார்கள், போனதும் மறுபடி ஏறிவந்து விட்ட இடத்திலிருந்து அலசினார்கள். தகிய்யாவுக்கு இதற்கெல்லாம் நேரம் கிடையாது. அவளுக்குத் தோட்டம் இருந்தது.

தோட்டம் என்றால் பள்ளிவாசலை ஒட்டிய வக்பு நிலம். தொழ வருகிறவர்கள் கை கால் கழுவும் தண்ணீர் ஒரு வாய்க்கால் வழியாக அங்கே இறங்கும். அதில் முள்ளங்கியும் வெங்காயத்தாளும் கொத்தமல்லியும் புதினாவும் போட்டு அவள் விற்றுவந்தாள். அவளுடைய நாக்கைத் தாங்கமாட்டாமல் புருஷன் தலாக் சொல்லிவிட்டு ஹுதைதாப் பக்கம் போன பிறகு அவளுக்குச் சோறு போட்டது அந்த மண்தான். தங்கியிருந்தது அண்ணன் வீட்டுக் கீழ்த்தளத்தில், முன்பு கழுதை கட்டியிருந்த அறையில். அறைக்கு ஜன்னல் கிடையாது. நிலத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: எந்தப் பாத்தியாவது ஒரு போகம் தரிசாகக் கிடந்தால், அந்தப் பாத்தியை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அவள் ஒரு சாண் மண்ணைக்கூடச் சும்மா விட்டதில்லை.

ஒரு முற்பகலில் அவள் முள்ளங்கி பிடுங்கிக்கொண்டிருந்தபோது விமானம் வந்தது. அவள் பள்ளிவாசல் சுவரோரமாகப் போய்ச் சுருண்டுகொண்டாள். எங்கோ இடித்தது, தரை குலுங்கியது, தெருவெல்லாம் புழுதி அடைத்துக்கொண்டது, அந்தப் புழுதிக்குள் ஏதோ பெரிதாக, அவசர அவசரமாக, மூச்சிரைக்க வருகிற சத்தம் கேட்டது. புழுதி அடங்கி அவள் எழுந்து பார்த்தால், அவளுடைய முள்ளங்கிப் பாத்தியின்மேல் ஆறு அடுக்கு வீடு ஒன்று உட்கார்ந்திருந்தது. செங்கல்லெல்லாம் சூடாக இருந்தது. ஜன்னல் கதவுகள் பல் தந்தியடிப்பதுபோல நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஐயோ, என் முள்ளங்கி!" என்றாள் தகிய்யா.

தெரு கூடிவிட்டது. முன்னால் வந்தவர் ஆகில் லுத்ஃப். ஆகில் என்றால் தெருவுக்குத் தலைவர். சண்டை என்றாலும் கல்யாணம் என்றாலும் அவர் வாயிலிருந்து வருவதுதான் முடிவு. அவர் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, தாடியைத் தடவிக்கொண்டார்.

"வெளியூர் வீடு இல்லை. நம்ம ஊர்க் கட்டுமானம்தான். ஓடைக்கு அந்தப் பக்கத்திலேருந்து ஓடிவந்திருக்கு, பாவம். பயந்திருக்கு" என்றார்.

"பயந்தா பயந்துட்டுப் போகட்டும். என் பாத்தியை விட்டு எழுந்து போகச் சொல்லுங்க."

கூட்டம் மூக்கின்மேல் விரலை வைத்தது. ரொட்டிக்காரி ஹூரிய்யா தன் பிள்ளைகளின் காதைப் பொத்தினாள்.

"என்ன பேச்சும்மா பேசுறே?" என்றார் லுத்ஃப். "வாசல் தேடி வந்தவங்களை மூணு நாளைக்கு எதுக்கு வந்தேன்னுகூடக் கேக்கக் கூடாது. நீ போகச் சொல்றே! அதுவும் உன் மண்ணுல வந்து உக்காந்திருக்கு. முறைப்படி இது உன் விருந்தாளி."

இப்படித்தான் அந்தத் தெருவில், வீடு எப்படி நடந்துவந்தது என்று கேட்க ஒருவருக்கும் தோன்றாமல், வந்த வீட்டுக்கு என்ன கொடுப்பது என்பதே பேச்சாகிவிட்டது. ஹூரிய்யா சுடச்சுட ரொட்டி கொண்டுவந்து படியில் வைத்தாள். இன்னொருத்தி கிஷ்ரை வாசற்கல்லில் ஊற்றினாள், கல் அதை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் உறிஞ்சிக்கொண்டது, பாவம் தாகம் என்று எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். லுத்ஃப் கதவைத் தட்டினார். அந்த ஊர் வீடுகளில் கீழே தட்டினால் மேலே இருப்பவர்கள் ஒரு கயிற்றை இழுத்துத் தாழ்ப்பாளைத் திறப்பார்கள். இந்த வீட்டில் மேலே ஒரு ஈ காக்கைகூட இல்லை, ஆனாலும் கயிறு இழுபட்டது, தாழ்ப்பாள் விலகியது. ஆண்கள் படியேறினார்கள். பெண்கள் இருக்கும் தளங்களைக் கடக்கும்போது அவர்கள் ஒதுங்கிக்கொள்ளட்டும் என்று "அல்லாஹ், அல்லாஹ்" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஏறுவது அங்கே வழக்கம். காலி வீடுதானே என்று ஒருவரும் நினைக்கவில்லை. குரல் கொடுத்துக்கொண்டேதான் ஏறினார்கள், வீடு கூச்சப்படக்கூடாது அல்லவா.

மூன்று நாள் முடிந்தது. நான்காம் நாள் வந்த காரியத்தைக் கேட்கலாம். ஆனால் வீட்டுக்கு வாய் ஏது, கேட்டு என்ன பயன் என்று விட்டுவிட்டார்கள். அதன்பிறகு அது தெருவோடு ஒட்டிக்கொண்டது. நல்ல குடும்பத்து வீடு, யாராவது வந்தால் படிக்கட்டு முனகுவதுகூட இல்லை என்று பெண்கள் சான்றிதழ் கொடுத்தார்கள். பெருநாளைக்குக் கந்தலோடு நிற்கவிடலாமா என்று, தெருவே சுண்ணாம்பு கரைத்து ஜன்னல்களைச் சுற்றிப் புதுக் கோலம் போட்டுவிட்டது, பழைய கோலம் எப்படி இருந்தது என்று பார்த்துவைக்க ஒருவரும் மெனக்கெடவில்லை. அதன் உச்சி அறையில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. பள்ளிவாசல் இமாமுக்குத்தான் தலைவலி, ஏனென்றால் வீடு தினம் கொஞ்சம் நகர்ந்து, முகம் திரும்பிக்கொண்டிருந்ததால், அதற்குள் தொழுகிறவர்களுக்கு மக்கா எந்தத் திசை என்று அவர் காலையில் ஒருமுறையும் சாயங்காலம் ஒருமுறையும் வந்து காட்டவேண்டியிருந்தது.

நகர்ந்ததற்குக் காரணம் தகிய்யாவின் வாய்தான். விருந்தாளிக்குச் சோறு போடவேண்டும் என்றார்களே தவிர, வையக்கூடாது என்று யாராவது சொல்லியிருக்கிறார்களா? அவள் காலையில் மண்வெட்டியோடு வருவாள், வீட்டின் முன் இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"பெரிய மகாராஜா, உக்காந்துட்டாரு. இத்தனை பெரிய உடம்பை வளர்த்தியே, உக்கார்ற இடத்தைப் பாத்து உக்காரணும்னு யாரும் சொல்லித் தரலையா?"

மறுநாள் பார்த்தால் முள்ளங்கிப் பாத்தியில் ஒரு முழம் வெளியே தெரியும். வீடு ரோசப்பட்டு ஒதுங்கியிருக்கும், ஒதுங்கிய பக்கத்தில் கொத்தமல்லி நசுங்கியிருக்கும். அவள் கொத்தமல்லிக்காக வைவாள், வீடு பதறிப்போய்ப் புதினாவின்மேல் ஏறும். புதினாவுக்காக வைதால் வெங்காயத்தாள் போகும். இப்படி மரியாதைக்கு மேல் மரியாதையாகப் பண்ணி, அது தோட்டம் முழுவதையும் அப்பளமாக்கிவிட்டது.

"போதும்! அசையாதே! இருக்குற இடத்துலேயே இரு!" என்று ஒருநாள் அவள் தலையிலடித்துக்கொண்டு கத்தினாள். வீடு அப்படியே அடங்கி நின்றது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். அந்தப் போகம் போச்சு. தோட்டமும் கைவிட்டுப் போய்விடும். அழுதுகொண்டே அவள் சுவரில் சாய்ந்தபோது, சுவர் வெயிலில் காய்ந்த போர்வைபோல வெதுவெதுப்பாக இருந்தது. முதுகு வலிக்கு அது இதமாக இருந்ததால் அவள் எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கு அவளுக்கு ஒன்று தோன்றியது. மண் அவளுடையது, மேலே உட்கார்ந்திருப்பது அவளுடைய விருந்தாளி. அப்படியானால் மண் மேலே போகட்டும். கூடை கூடையாக மண்ணைச் சுமந்து மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாள். விதை போட்டாள். அந்த வருஷம் ஸனாவிலேயே முதலில் வெயில் படுகிற முள்ளங்கி அவளுடையதாயிற்று. தெருப் பெண்கள் கீழே நின்று குரல் கொடுக்க, அவள் மேலிருந்து கயிற்றில் கூடையை இறக்கி வியாபாரம் பண்ணினாள். வக்பு அலுவலகத்திலிருந்து வந்தவர் அண்ணாந்து பார்த்து, நிலம் தரிசாகவும் இல்லை, கீழேயும் இல்லை, என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு கட்டு வெங்காயத்தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தண்ணீர் தூக்கி ஏறி இறங்கிக் கால் ஓய்ந்துபோகவே அவள் உச்சி அறையிலேயே தங்க ஆரம்பித்தாள். அங்கே ஜன்னல்களுக்கு மேலே அரைவட்டத்தில் வண்ணக் கண்ணாடி பதித்திருந்தது. கழுதை இருந்த அறையில் இருட்டிலேயே கண்விழித்துப் பழகியவளின் முகத்தில் காலை வெயில் சிவப்பாகவும் பச்சையாகவும் வந்து விழுந்தபோது அவள் வெட்கப்பட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு மெல்ல விலக்கினாள். வைவதை மட்டும் அவள் விடவில்லை. ஆனால் வையும்போது இப்போதெல்லாம் சுவரைத் தடவிக்கொடுத்துக்கொண்டே வைதாள். அந்த வீடென்றால் அவளுக்கு உயிர் என்றாகிவிட்டது. புருஷனிடம்கூட அவளுக்கு அவ்வளவு பிரியம் இருந்ததில்லை.

அப்புறம்தான் முதஹ்ஹர் வந்தான்.

ஓடைக்கு அந்தப் பக்கத்துக்காரன். தன் வீட்டைத் தேடி ஊரெல்லாம் சுற்றுகிற, பைத்தியம் என்று பேர் வாங்கிய ஆள். விமானம் வந்த அன்று அவனும் பெண்டாட்டியும் பிள்ளைகளும் தெருவுக்கு ஓடினார்கள், திரும்பி வந்தால் வீடு இருந்த இடத்தில் பள்ளம். குண்டு விழுந்துவிட்டது என்றார்கள் எல்லோரும். "குண்டு விழுந்தா செங்கல் எங்கே?" என்று கேட்டான் அவன், அதற்காகத்தான் பைத்தியம் என்றார்கள். அவன் தகிய்யாவின் தெரு வழியாகவே பலமுறை போயிருக்கிறான்; புதுச் சுண்ணாம்புக் கோலத்தில் தன் வீட்டை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை. இந்தத் தடவை தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றான். அவன் தட்டுவதற்கு முன்பே தாழ்ப்பாள் திறந்தது, மூடியது, திறந்தது, தெருவே வேடிக்கை பார்க்கும்படி அடித்துக்கொண்டது.

முதஹ்ஹர் சுவரைக் கட்டிக்கொண்டு அழுதான். "நாங்க எல்லாம் ஓடினோம். அதுவும் ஓடியிருக்கு. திசைதான் மாறிப்போச்சு" என்றான்.

தகிய்யா மாடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். கீழே இறக்கவிருந்த கூடையை மேலே இழுத்துக்கொண்டாள்.

வீடு அவனுடையது, அதில் யாருக்கும் மறுப்பில்லை. அதை எப்படிக் கூட்டிப்போவது? "வா" என்று முதஹ்ஹர் கூப்பிட்டால், விட்டுவிட்டு ஓடிவந்த வெட்கத்தில் அது மண்ணுக்குள் இன்னும் இரண்டு விரல் அழுந்தியது. போ என்று யாராவது சொல்லவேண்டும். லுத்ஃப் தெருவைப் பார்த்தார், தெரு தன் கால் கட்டைவிரலைப் பார்த்தது. அந்த ஊரில் வாளை உருவியவர்கள் உண்டு, துப்பாக்கியைத் தூக்கியவர்கள் உண்டு, விருந்தாளியின் முகத்துக்கு நேரே போ என்று சொன்னவர்கள் கிடையாது. நேரம் ஆகிவிட்டது என்று தெரிவிக்க அவர்கள் சாம்பிராணித் தட்டைச் சுற்றுக்கு விடுவார்கள், வாசனை வந்ததும் வந்தவர்கள் தாங்களாகவே எழுந்துவிடுவார்கள். ஹூரிய்யா தட்டு நிறையச் சாம்பிராணி போட்டு ஆறு தளத்திலும் புகைகாட்டினாள். வீடு சொக்கிப்போய் ஜன்னல்களை அரைக்கண் போட்டுக்கொண்டு இன்னும் வசதியாகச் சாய்ந்தது.

"சொல்ல வேண்டியது நீதாம்மா" என்றார் லுத்ஃப் கடைசியில். "உன் விருந்தாளி. நீ சொன்னாத்தான் கேக்கும்."

"முதல் நாளே சொல்லவந்தேன். வாயைப் பொத்தினீங்க. இப்ப நான் மாட்டேன்" என்றாள் தகிய்யா.

சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் மனசு கல்லாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அவனுக்கு எங்கேயாவது இடம் கிடைக்கும், ஆண்பிள்ளை. எனக்குக் கழுதைக் கொட்டில்தான். விருந்தாளியாக வந்தவரே தங்கிவிட்டால் நான் என்ன செய்ய முடியும் என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டு வெங்காயத்தாளுக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

மறுநாள் முதஹ்ஹரின் மனைவி பில்கீஸ் பிள்ளைகளோடு வந்தாள். ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறையில், இன்னும் பல குடும்பங்களோடு, நடுவில் போர்வையைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர்கள் இருந்தார்கள். பில்கீஸ் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. பார்த்துவிட்டுப் போகிறேன் என்று மட்டும் சொன்னாள். மாடியில் இருந்த தகிய்யாவுக்குப் படியில் ஏறும் காலடி கேட்டது, கூடவே மெலிந்த குரலில், ஒவ்வொரு திருப்பத்திலும்: "அல்லாஹ், அல்லாஹ்."

பெண்கள் அப்படிக் குரல் கொடுப்பதில்லை. அந்நிய ஆண்கள்தான் கொடுப்பார்கள். இவளோ, தான் பிள்ளை பெற்ற வீட்டிலேயே, உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டு ஏறினாள். தகிய்யா வாளியைக் கீழே வைத்தாள்.

பில்கீஸ் உச்சி அறை வாசலிலேயே நின்றாள். "மன்னிக்கணும் அக்கா. தொந்தரவு பண்ணிட்டேன். சின்னவனுக்கு அந்தக் கண்ணாடியைக் காட்டலாம்னு வந்தேன். சிவப்பு வெளிச்சத்தைப் பிடிக்க ஓடுவான், அதான்."

"உள்ளே வா. வந்து உக்காரு" என்றாள் தகிய்யா. "பிள்ளைங்களையும் புருஷனையும் மேலே கூப்பிட்டுக்கோ. ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கச் சொல்லு."

அவள் இறங்கி வெளியே போனாள். தெரு முழுவதும் நின்றுகொண்டிருந்தது. வீட்டின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, "போ" என்றாள்.

கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. வீடு அசையவில்லை. இவள் எப்போதும்போல வைகிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவள் பக்கமாகச் சுவரைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தது. அவள் தொடவில்லை.

"காது கேக்கலையா? போன்னு சொன்னேன். எத்தனை நாள் ஓசிச்சோறு தின்பே? உன் மூஞ்சியைப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. கோணல் ஜன்னல், ஓட்டைப் படிக்கட்டு. உன்னைவிட என் கழுதைக் கொட்டில் எவ்வளவோ மேல். உன்னை நான் ஒருநாள்கூட விரும்பினதில்லை. பிள்ளைங்களைத் தெருவுல விட்டுட்டு ஓடின வீடெல்லாம் ஒரு வீடா? எழுந்திரு! உன் இடத்துக்குப் போ!"

ஜன்னல் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன. பிறகு வீடு எழுந்தது. தண்ணீரைக் கடக்கிற பெண்கள் பாவாடையைத் தூக்கிப்பிடிப்பதுபோலக் கீழ்த்தளத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, பள்ளிவாசல் சுவரில் இடிக்காமல், ஹூரிய்யாவின் அடுப்பை மிதிக்காமல், சந்து திரும்பி நடந்தது. உள்ளே பிள்ளைகள் சந்தோஷத்தில் கீச்சிட்டார்கள். மாடியில் வெங்காயத்தாள் ஆடிக்கொண்டே போனது. தகிய்யா பார்த்துக்கொண்டே நின்றாள், கண்ணிலிருந்து மறைந்ததும் முக்காட்டுத் துணியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

அதன்பிறகு தெருவில் பலபேர் அவளிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. சொல்லச் சொன்னது தாங்கள்தான் என்றாலும், சொல்லிவிட்டாளே! ஹூரிய்யா ரொட்டியை நீட்டும்போதே, "உனக்கு எப்படித்தான் நாக்கு வந்துச்சோ" என்றாள். முதஹ்ஹர் இரண்டு முறை வந்து அழைத்தான். வீடு தன் பழைய இடத்தில் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டது, பில்கீஸ் மாடித் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள், விளைந்ததை வந்து வாங்கிக்கொள்ளுங்கள், வராமல் இருக்கலாமா என்றான்.

"எந்த முகத்தோட வருவேன்?" என்றாள் அவள். "நான் சொன்னதெல்லாம் அது காதுல வாங்கிக்கிட்டுதான் போச்சு."

அவள் தோட்டத்தைக் கொத்திப் புரட்டினாள். இறுகிப்போன மண், மண்வெட்டி திரும்பி வந்தது, விடாமல் வெட்டினாள். கொத்தமல்லி முளைத்தது, புதினா முளைத்தது. முள்ளங்கிப் பாத்தியை மட்டும் கொத்திச் சமப்படுத்தி, கல் பொறுக்கி, விதை போடாமல் விட்டாள். வக்பு அலுவலகத்து ஆள் வந்து, இது தரிசாகக் கிடந்தால் இந்தப் பாத்தி உன் கையை விட்டுப் போகும் என்று எச்சரித்தார். தெரியும் என்றாள்.

ஒரு காலையில் மறுபடி விமானச் சத்தம் கேட்டது. எல்லோரும் கீழ்த்தளங்களுக்கு ஓடினார்கள். தகிய்யா ஓடவில்லை. வெற்றுப் பாத்தியின் ஓரத்தில் போய் நின்று சந்தின் முனையைப் பார்த்தாள். கண் அந்தப் பக்கமே போயிற்று, அவளால் தடுக்க முடியவில்லை. ஓடி வரட்டும், என்னிடம் வரட்டும் என்று மனசு கேட்டது, கேட்ட மனசை அவள் வெறுத்தாள். இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு சத்தமாகவே துஆ கேட்டாள்.

"யா அல்லாஹ், அதைப் பயமுறுத்தாதே. அது பிள்ளைங்களோட அங்கேயே இருக்கட்டும். ஓடி வரவே வேண்டாம். நான் பாக்காமலே இருந்துக்கறேன்."

மலைப்பக்கம், ஊருக்கு வெளியே, எங்கோ வெடித்தது. விமானம் போயிற்று. ஜனங்கள் வெளியே வந்து மறுபடி பேச ஆரம்பித்தார்கள். சந்தில் புழுதி அடங்கும்வரை தகிய்யா நின்றாள். யாரும் வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அல்லாஹ்வுக்கே புகழ் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாய்க்காலைத் திறந்து, அந்தப் பாத்திக்கும் தண்ணீர் பாய்ச்சினாள், மண் இறுகிவிடாமல் இருக்கட்டும் என்று.